பறித்து வைத்த விளையாட்டு



ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், ஒழுக்கத்தைப் பற்றியோ காலத்தின் அருமையைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அறுபத்தாறாம் வயதில் ஒரு சிறு பெட்டிக்குள் புகுந்து, சிறுவனாக வேடம் தாங்கி, புல்வெளிகளில் விந்தை உயிர்களைப் பிடித்துத் திரிந்த கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்பு, நான் செய்த பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும். கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2003-ஆம் ஆண்டு அது. ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியர் ஒரு நாள் விடுப்பில் இருந்தார். தலைமையாசிரியனாகிய நானே வகுப்பிற்குச் சென்றேன். நான் எடுத்துக்கொண்டது குறவஞ்சி நாடகம். சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்க வரும் பகுதியை நடித்தும் காட்டினேன். என் நடிப்பைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை உண்டு. வகுப்பு முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் ஒரு தலை மட்டும் நிமிரவே இல்லை. அருகில் சென்று பார்த்தேன். மேசைக்கு அடியில், ஊதா நிறத்தில் உள்ளங்கையளவு கருவி ஒன்று. சிறு திரையில் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன், கொடுத்துவிட்டான்.

“உன் தந்தையை அழைத்து வந்து பெற்றுக்கொள்” என்றேன். அவன் தந்தை சிங்கப்பூரில் கட்டட வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவனுடைய தாய் இரண்டு முறை வந்து அலுவலக வாயிலில் நின்றார். விதி விதிதான் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த ஜூன் மாதத்தில் அவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு திருச்சியில் ஒரு பள்ளிக்குச் சென்றுவிட்டான். கருவி என் அலமாரியில், பம்பரங்களுக்கும் கவண்களுக்கும் நடிகர் படங்களுக்கும் இடையே, கிடந்தது. 2016-இல் நான் ஓய்வு பெற்றபோது அலுவலக உதவியாளர் அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் கட்டி விராலிமலையில் உள்ள என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நான் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

பிரித்தவன் என் பேரன். 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தவன், பரணில் எதையோ தேடப்போய் இதை எடுத்து வந்தான். “தாத்தா, இது கேம்பாய் கலர்! உள்ளே போக்கிமான் கோல்டு இருக்கிறது! உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றும் கைவிளக்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு பேட்டரிகளைக் கழற்றிப் போட்டான். திரை உயிர் பெற்றது. ஆனால் பேரனுடைய முகம் வாடியது. “புதிய ஆட்டம் என்று மட்டும்தான் வருகிறது, தாத்தா. பழைய ஆட்டம் போய்விட்டது” என்றான்.

அவன் சொன்ன விளக்கத்தை நான் பிறகு நூல்களிலும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கருவியில் செருகும் அந்தச் சிறு பேழைக்குள் நாணய வடிவில் ஒரு மின்கலம் இருக்கிறது. ஆடுபவன் எந்த ஊரில் இருக்கிறான், எந்தெந்த உயிர்களைப் பிடித்திருக்கிறான் என்னும் நினைவு முழுவதையும் காத்து நிற்பது அந்த மின்கலமே. இந்த ஆட்டத்தில் ஒரு கடிகாரமும் இடைவிடாது ஓடுவதால் அது இன்னும் விரைவில் தீர்ந்துவிடும். வெளியே போடும் பேட்டரிகள் அதற்கு உணவூட்டுவதில்லை. அது தீர்ந்தால் நினைவு அணைந்துவிடும். அந்த மாணவனுடைய பல மாத உழைப்பு, என் அலமாரிக்குள்ளோ என் வீட்டுப் பரணிலோ, என்றோ ஒரு நாள் யாரும் அறியாமல் அணைந்து போயிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கு இனி வெறும் ஓடுதான் எஞ்சியிருந்தது.

இளைஞர்களே, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் ஃபிரோபெலைப் படித்தவன். விளையாட்டு முறையிலேயே இலக்கியம் கற்பிக்கலாம் என்று 1917-இல் நூல் எழுதிய கால்டுவெல் குக் என்னும் ஆங்கில ஆசிரியரைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். அப்படிப்பட்ட நான், பறித்த பொருள் இன்னதென்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. இனியேனும் பார்ப்போம் என்று தோன்றியது.

முதலில் மின்கலத்தை மாற்ற வேண்டும். திருச்சியில் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டு சென்றோம். பேழையின் திருகுக்குப் பொருந்தும் திருப்புளி அவரிடம் இல்லை. அவர் சற்றும் கலங்காமல், ஒரு பந்துமுனைப் பேனாவின் முனையை நெருப்பில் இளக்கி, திருகின் தலைமேல் அழுத்திப் பிடித்து ஆறவிட்டார். பிளாஸ்டிக்கில் திருகின் அச்சு விழுந்தது, பேனாவே திருப்புளியாயிற்று! பத்து நிமிடத்தில் பழைய மின்கலத்தை எடுத்துப் புதியதைப் பற்றவைத்துத் தந்தார். பொறியியல் கல்லூரி மாணவர்கள் அந்தக் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் தவறில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வகை விளையாட்டின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். வேடம் தாங்கி ஆடும் கற்பனை விளையாட்டு, இன்றைய உருவில், 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரால் வெளியிடப்பட்டது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். கருவி எதுவும் கிடையாது. தாள், எழுதுகோல், பல முகங்கள் கொண்ட பகடைகள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துக்கொண்டு, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஒளிந்துகொள்கிறேன்’ என்று சொல்வார்கள். பகடை அவர்களுடைய விதியைச் சொல்லும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் நின்று கதையை நடத்துவான் அல்லவா? பார்வையாளர்களே பாத்திரங்களாகி, கதையின் முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு கணிப்பொறி வந்து அந்தக் கட்டியங்காரனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் யூஜி ஹோரி என்பவர் 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து சிறுவர்களும் எளிதில் ஆடத்தக்க முறை அதனால் நிலைபெற்றது.

அதைக் கைக்குள் அடக்கியவர் நின்டெண்டோ நிறுவனத்துப் பொறியாளர் குன்பெய் யோகொய். தொடர்வண்டியில் களைத்துப்போன ஒரு பயணி கணக்குப்பொறியின் பொத்தான்களை வீணே அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, சட்டைப்பையில் வைக்கும் விளையாட்டுக் கருவி என்னும் எண்ணம் அவருக்கு உதித்ததாம். அவருடைய கொள்கை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. புத்தம் புதிய, விலை மிகுந்த தொழில்நுட்பத்தைத் தேடாதே. எல்லாரும் பழகிச் சலித்த, விலை மலிந்த ஒன்றை எடுத்துப் புதிய கோணத்தில் பயன்படுத்து என்பது அது. 1989-இல் வந்த கேம்பாயின் திரையில் வண்ணமே இல்லை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையோடு வந்தன. ஆனால் அவை பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. வண்ணமில்லாததே நின்றது. அதுவும் அதன் வண்ணத் தம்பியுமாக உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றன.

இனி என் ஆட்டத்துக்கு வருகிறேன். தொடங்கியவுடன் ஒரு பேராசிரியர் தோன்றி, மணி என்ன என்று கேட்டார். விராலிமலையின் நேரத்தைக் கொடுத்தேன். ஆட்டத்தில் ஓடும் கடிகாரம் அதற்குத்தான். இங்கே பொழுது சாய்ந்தால் அங்கேயும் இருள்கிறது. பகலில் காணாத ஆந்தை போன்ற உயிர் இரவில் மட்டும் புல்லிலிருந்து எழுகிறது. மாலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பேன். எங்கள் ஊர் மயில்கள் அகவி ஓய்ந்து மரங்களில் அடையும் நேரத்தில் அந்தச் சிறு உலகமும் நீலமாகிவிடும். பெயர் கேட்டார்கள். ஆங்கில எழுத்துகள் ஏழுக்குள் அடங்க வேண்டும். ‘தாத்தா’ என்று பேரன் பதிந்தான். மூன்று குட்டி உயிர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: நெருப்பு, நீர், இலை. தலையில் ஓர் இலையோடு சாதுவாக நின்றதை எடுத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ஒரு திருட்டு நடந்தது. பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓர் உயிரைக் களவாடிச் சென்றுவிடுகிறான். காவலர் நம்மைப் பார்த்து, அவன் பெயர் என்ன என்று கேட்கிறார். நாம் வைக்கும் பெயரே ஆட்டம் முழுவதும் அவனுக்கு நிலைத்துவிடும். “யார் பெயரை வைக்கலாம், தாத்தா?” என்றான் பேரன். பிறருடைய பொருளை எடுத்துக்கொண்டு போனவன் யார் என்பது எனக்குத் தெரியும். என் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பிரம்பு’. அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் முப்பது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அதையே எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

முதல் அரங்கிலேயே நான் தோற்றேன். அங்கே இருந்தவன் பறவைகளை வளர்ப்பவன். இலைக்குப் பறவை ஆகாது என்பது ஆட்டத்தின் நியதி. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு இலையை வெல்லும், இலை நீரை வெல்லும். இப்படிப் பதினேழு வகைகளுக்கு ஒரு வாய்பாடே இருக்கிறது. அது தெரியாமல் நான்கு முறை சென்று நான்கு முறையும் தோற்றேன். ஒவ்வொரு தோல்விக்கும் கையிலுள்ள பணத்தில் பாதி போயிற்று. மயில்கள் திரியும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் பறவைகளிடம் தோற்பதா என்று ரோஷம் வந்தது. பேரன் வழி சொல்லவில்லை. சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும் என்றான். எந்தப் பயிற்சிக் கல்லூரியில் இவன் இதைக் கற்றான்? ஐந்தாம் நாள், ஊருக்குத் தெற்கே உள்ள பாதையில் ஒரு செம்மறியாட்டைக் கண்டேன். அதன் கம்பளியில் மின்சாரம் சேர்ந்திருந்தது. மின்சாரத்துக்குப் பறவை அஞ்சும் என்று நானாகவே ஊகித்து, அதைப் பிடித்துப் பழக்கினேன். மறுநாள் வென்றேன். திண்ணையிலிருந்து நான் போட்ட கூச்சலில் என் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒன்று விளங்கிற்று. நான்கு முறை தோற்ற ஒருவனை அந்த ஆட்டம் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கொஞ்சம் பணத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் நிற்க வைத்தது. நான் தோற்ற பிள்ளைகளை அப்படி நிற்க வைத்தேனா என்று எண்ணிப் பார்த்தேன். அதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் மூலவர் சதோஷி தஜிரி என்பவர். 1965-இல் பிறந்தவர், தோக்கியோவின் புறநகரில் வளர்ந்தவர். சிறு வயதில் வண்டு பிடிப்பதில் பெரும் பித்துடையவர். தோழர்கள் அவரை ‘பூச்சி டாக்டர்’ என்று அழைத்தார்களாம். மற்றச் சிறுவர்கள் மரப்பட்டையில் தேன் தடவிக் காத்திருக்க, இவர் மரத்தடியில் கல்லை வைத்துவிட்டுப் போவார். வண்டுகள் பகலில் கல்லுக்கடியில் உறங்கும் என்று கண்டுபிடித்திருந்தார். அவர் வளர வளர அந்த வயல்களும் குளங்களும் கட்டடங்களாயின. நகரத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி பிடிக்கும் இன்பத்தை எப்படித் தருவது என்னும் எண்ணத்திலிருந்து, சுமார் ஆறாண்டு உழைப்பில், 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் போக்கிமான் பிறந்தது. என் கையில் இருந்தது 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறை.

இதைப் படித்தபோது எனக்குத் தீப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. கருவேல மரங்களில் பொன்வண்டு தேடி அலைந்து, பிடித்ததைத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்து, அது முட்டையிட்டதா என்று மணிக்கொரு முறை திறந்து பார்த்ததை என் வயதினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என்னிடம் பச்சை இருந்தால் நண்பனிடம் செம்பு நிறம் இருக்கும், மாற்றிக்கொள்வோம். வகுப்பில் என் சட்டைப்பையில் தீப்பெட்டி கறகறவென்று சத்தம் போட்டபோது என் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? வாங்கிப் பார்த்து, “அழகாயிருக்கிறது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

குறவஞ்சியின் சிங்கனையும் எண்ணிக்கொண்டேன். வயலில் மேயும் பறவைகளை இன்னது இன்னது என்று பெயர் சொல்லி அடுக்கி, கண்ணி வைத்துப் பதுங்கியிருக்கும் வேடனுடைய ஆட்டம் அல்லவா அது? எங்கள் ஊருக்கும் குறவஞ்சி உண்டு. விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய 32 பெண்களுள் கடைசியாக எஞ்சியவர் என்று போற்றப்பட்ட முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வேடம் தாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. அன்று கடைசி வரிசையில் இருந்த அந்தப் பையன் செய்துகொண்டிருந்ததும், கரும்பலகையின் முன் நான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ ஒன்றே. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

ஆட்டமெல்லாம் நல்லதே என்று நான் சொல்ல வரவில்லை. உறக்கத்தையும் படிப்பையும் விழுங்கும் அளவுக்கு விளையாட்டில் மூழ்குவதை ஒரு நோய்நிலையாகவே உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையோ 2025-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தடை செய்தது. அவை வேறு சாதி. இன்னொரு பக்கம், நம்மவர்களும் இத்துறையில் நல்லன படைக்கிறார்கள். பூனாவில் உருவான ‘ராஜி’ என்னும் புராணச் சாயல் கொண்ட ஆட்டம் 2020-இல் கையடக்கக் கருவியில் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘வெண்பா’ 2023-இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றது. வெண்பா என்றால் என்ன என்று பேரனைக் கேட்டேன். “அம்மா இட்லி சுடும் ஆட்டம், தாத்தா” என்றான். ஈற்றடி முச்சீராய் வரும் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

பழைய மாணவர்களின் வாட்ஸப் குழு வழியே அந்த மாணவனைத் தேடிப் பிடித்தேன். அவனும் இப்போது சிங்கப்பூரில்தான் பணியாற்றுகிறான். 2025-ஆம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு, மலையேறி வழிபட்டுவிட்டு, எட்டு வயது மகளோடு என் வீட்டுக்கு வந்தான். “வா, தம்பி” என்று அமரச் சொல்லி, கருவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நினைவு அழிந்துபோன செய்தியையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கருவியை இயக்கிப் பார்த்தான். திருடனுடைய பெயரைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். “ஐயா, நானும் இந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன்” என்றான். நானும் சிரித்தேன்.

பிறகு, சிரிப்பு அடங்கியபின், சாதாரணமாகச் சொன்னான். அந்த ஆட்டம் ‘கோல்டு’, ‘சில்வர்’ என்று இரண்டு பதிப்பாக வந்தது. ஒன்றில் கிடைக்கும் சில உயிர்கள் மற்றதில் கிடைக்கா. இரண்டு கருவிகளை ஒரு வடத்தால் இணைத்து மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு நிறைவேறும். தஜிரியின் அடிப்படை எண்ணமே அதுதான். அந்த வடத்தின் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதாக அவர் கற்பனை செய்தாராம். அவனுடைய தந்தை சிங்கப்பூரில் சுங்கே சாலைப் பழம்பொருள் சந்தையில் இரண்டு கருவிகளை மலிவாக வாங்கியிருந்தார். அந்தச் சந்தையும் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. கோல்டை மகனுக்கு அனுப்பிவிட்டு, சில்வரைத் தாம் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த இரவுகளில் ஆடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் இருவரும் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

“அப்பா அந்தச் சித்திரையில் விடுப்பில் வந்தார், ஐயா. வடத்தையும் கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கு வந்து பார்த்தோம். விடுமுறை, நீங்கள் விடைத்தாள் திருத்தப் போயிருந்தீர்கள்.”

“மறுபடி எப்போது வந்தார்?” என்று கேட்டேன்.

“இரண்டு ஆண்டு கழித்து. அதற்குள் அந்தக் கருவியை உடன் வேலை செய்த யாருக்கோ கொடுத்துவிட்டார். இப்போது ஊரில்தான் இருக்கிறார், நலமாயிருக்கிறார். கேட்டால் அவருக்கு நினைவுகூட இருக்காது, ஐயா.”

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவன் அதைச் சொன்னான். நான் எழுந்து உள்ளே சென்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ‘தவறு செய்துவிட்டேன்’ என்று என் மாணவர் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் முறை. அவன் பதறிப்போய், “ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை, ஐயா” என்றான். ஒன்றுமில்லாமல் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இதற்குள் அந்தச் சிறுமி கருவியைக் கைப்பற்றிக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டாள். பேழையில் ஓர் ஆட்டத்தின் நினைவுக்குத்தான் இடமுண்டு. புதியதைத் தொடங்கிப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். ஏழு பதக்கங்களோடு நான் எட்டாம் அரங்கின் வாயிலில் நின்றிருந்தேன்.

“தாத்தா, நான் புதிதாகத் தொடங்கினால் உங்கள் ஆட்டம் போய்விடுமே?” என்று கேட்டாள்.

“போகட்டும், அம்மா” என்றேன்.

மணி என்ன என்று பேராசிரியர் கேட்டார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதிந்தாள். மூன்று குட்டிகளும் வந்து நின்றன. அவளுடைய விரல் இலைக்குட்டியை நோக்கிச் சென்றது.

“அது வேண்டாம், அம்மா” என்றேன். “முதல் அரங்கிலேயே பறவைகள் இருக்கின்றன.”

அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையே தேர்ந்தெடுத்தாள்.